மாப்பிள்ளையும் லெக்கார்டும்

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒரு காரியத்தைச் செய்வேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அது ஆகாது என்று ஊரே கூடிவந்து சொன்னாலும் செய்துதான் தீருவேன். இளவயதில் இதை மன உறுதி என்று நினைத்திருந்தேன். (இதற்கு வேறு பெயரும் உண்டு என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி பல தடவை எடுத்துச் சொல்லிவிட்டாள்.) அந்த உறுதியை வைத்துக்கொண்டு நான் செய்த காரியங்களில் மோசமானது எது என்று கேட்டால், யோசிக்கவே வேண்டாம். என் மோட்டார் சைக்கிளுக்கு நானே லெக்கார்டு மாட்டியதுதான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. கப்பலில் வரும் சரக்குக்குக் காகிதம் தயார் செய்து கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்டு ஆபீசில் நான் குமாஸ்தா. வயது இருபத்தாறு. எடை ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. இந்த எடையை ஏன் சொல்கிறேன் என்றால், நான் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் என்னைப் போல மூன்று மடங்கு கனம். கறுப்பு நிறம். பெட்ரோல் டேங்க் ஒரு கன்றுக்குட்டியின் வயிறு போல இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை எங்கள் இருவருக்கும் நல்ல ஒற்றுமை இருந்தது. நிற்கும்போதுதான் தகராறு.

வாங்கி இரண்டு மாதத்தில் மூன்று தடவை விழுந்தேன். முதல் தடவை உப்பளத்துப் பாதையில், உப்புத் தண்ணீர் சிந்திய இடத்தில் வழுக்கி. இரண்டாம் தடவை பழைய துறைமுகத்துத் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டி. இந்த இரண்டையும் பார்த்தவர்கள் யாரும் என் வாழ்க்கையில் முக்கியமானவர்கள் இல்லை. மூன்றாம் தடவைதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் மாதா கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் தரை இல்லை, ஒரு குழி இருந்தது. வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாக, என் மேல் சாய்ந்தது. ஆனைக்கு அடியில் அகப்பட்ட தவளை மாதிரி நான் கிடந்தபோது, பூசைக்கு வந்த பெண்கள் முக்காட்டை விலக்கிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் சிசிலி மாமி.

சிசிலி மாமி யார் என்று சொல்லவேண்டும். அவருடைய மகள் பிலோமினாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிலோமினாவின் அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திப்போகிறவர். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அதனால் வீட்டில் முடிவெடுக்கிற வேலை எல்லாம் மாமிக்குத்தான். பிலோமினாவை நான் இரண்டு முறை தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். பேசியதில்லை. தூரத்திலிருந்து பார்த்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாளே, சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில் உபதேசியார் என்னைத் தேடி ஆபீசுக்கு வந்துவிட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் அவர்தான் தூது.

"சூசை, சிசிலியம்மா ஒரே வார்த்தையா சொல்லிட்டாக. ஒண்ணு வண்டிய வித்துரணும். இல்லன்னா வேற எடத்துல பொண்ணு பாத்துக்கிடணும்."

"நேத்து விழுந்ததுக்கா? நின்னுக்கிட்டுதான இருந்தேன்."

"அதான் அவியளுக்கு ரொம்ப பயம். நிக்கிற வண்டியிலயே விழுறவன் ஓடுற வண்டியில என்ன ஆவானோங்காக."

பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சிசிலி மாமிக்கு ஒரே தம்பி, ரொசாரி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சிநேகிதனுடைய மோட்டார் சைக்கிளை ஓட்டிப்போய் விழுந்திருக்கிறார். வண்டி காலின் மேல் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது. அதோடு கடலுக்குப் போவது நின்றது. இப்போது கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையைச் சரிசெய்து கொடுக்கிறார். காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு மாமி மேல் கோபம் வரவில்லை. ஆனால் வண்டியை விற்கவும் மனம் வரவில்லை. ஒன்றை விட்டு ஒன்று என்று யாராவது சொன்னால், இரண்டையும் எடுக்க வழி உண்டா என்றுதான் என் புத்தி போகும்.

"உபதேசியாரே, லெக்கார்டுன்னு ஒண்ணு இருக்கு. கேள்விப்பட்டிருக்கீயளா?" என்றேன்.

கேள்விப்பட்டதில்லை என்றார். வண்டியின் முன்பக்கச் சட்டத்தில், எஞ்சினுக்கு முன்னால், இரண்டு புறமும் கைவிரித்த மாதிரி நிற்கும் தடித்த இரும்புக் குழாய் அது. வண்டி சாய்ந்தால் முதலில் தரையில் படுவது குழாய்தான். வண்டிக்கும் தரைக்கும் நடுவில் கால் இருக்க இடம் கிடைக்கும். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். உபதேசியார் அந்தப் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் பதில் வந்தது.

"வாற ஞாயித்துக்கிழம, காலம்பற ஒம்பது மணிக்கு, வண்டியில அத மாட்டிக்கிட்டு வீட்டு வாசல்ல கொண்டாந்து காட்டணுமாம். கண்ணால பாத்துட்டுதான் முடிவு சொல்லுவாகளாம்."

ஆறு நாள் இருந்தது. எனக்கு அது ஏராளமாகத் தெரிந்தது.

தூத்துக்குடியில் இருந்த உதிரிபாகக் கடைகளில் லெக்கார்டு இல்லை. ஒரு கடையில் சைக்கிளுக்குச் செயின் மறைப்பைக் காட்டி, காலுக்கு இதுவும் நல்ல பாதுகாப்புதான் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு சந்துக்குள், கூரையிலிருந்து சைலன்சர்கள் சுரைக்காய் போலத் தொங்கும் ஒரு கடையில் நான் தேடியது கிடைத்தது. குரோமியப் பூச்சு. முகம் பார்க்கலாம். கடைக்காரர் என் வண்டி எந்த வருஷத்து மாடல் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் ஒரு வருஷத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் அந்த வருஷத்துக்கு உரியதைக் கொண்டுவந்தார். (நான் பிறந்த வருஷத்தைச் சொல்லாமல் விட்டேனே, அதுவரை நல்லது.)

லெக்கார்டோடு பஸ்ஸில் வருவது தனி அனுபவம். மேலே போடு என்றார் கண்டக்டர். குரோமியம் கீறிவிடும் என்று நான் மறுத்து, அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தேன். என் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழம் அது நீண்டிருந்தது. போகிறவர் வேட்டியும் வருகிறவர் பையும் அதில் மாட்டின. கோவில்பட்டியில் ஏறிய ஒரு பெரியவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு சப்பரத்துக்கு தம்பி?" என்று மரியாதையாகக் கேட்டார். லெக்கார்டு என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அதைத் தூக்கிக்கொண்டு சுடலைமுத்து அண்ணாச்சியின் பட்டறைக்குப் போனேன். ஊரில் கனமான வண்டிகளை நம்பி விடக்கூடிய மெக்கானிக் அவர் ஒருவர்தான். பட்டறையில் ஒரு லாரியின் எஞ்சின் பிரித்துப் போட்டிருந்தது. அண்ணாச்சி அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"செவ்வாக்கிழம வாரும்" என்றார், தலையைத் தூக்காமல்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வேணும் அண்ணாச்சி. எம்புட்டு நேரம் ஆவும்? நாலு போல்ட்டுதான."

"நாலு போல்ட்டுதான். ஆனா எந்த நாலுன்னு தெரியணும்லா. நீராக் கைய வச்சிராதேயும். செவ்வாக்கிழம வாரும்."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன். கை வைக்காதே என்று சொன்ன பிறகு எப்படி வைக்காமல் இருப்பது. அவரிடமே ஒரு ஸ்பேனரும் சுத்தியலும் இரவல் வாங்கிக்கொண்டு (ஆணி அடிக்க என்று சொல்லித்தான்) என் அறைக்கு வந்தேன்.

துணைக்கு காசிமைக் கூப்பிட்டேன். காசிம் காயல்பட்டினத்துக்காரன். ஆபீசில் என் பக்கத்து மேசை. கப்பல் சீட்டில் ஒரு எழுத்துப் பிழையைக்கூட விடமாட்டான் என்று பேர் எடுத்தவன். எதற்கும் பதறமாட்டான். நான் தங்கியிருந்த வீட்டின் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பேரும் லெக்கார்டை முன்சட்டத்தில் வைத்துப் பார்த்தோம். துளையும் துளையும் சேரவில்லை. இரண்டு விரல்கடை தள்ளி இருந்தது. (நான் சொன்ன வருஷம் தப்பு என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.) இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, முன்னால் வைத்து, பின்னால் வைத்து, ஒரு மணி நேரம் போராடினோம். கடைசியில் ஒரு விதமாகத் திருப்பி வைத்தபோது மேல் துளை இரண்டும் அச்சாகப் பொருந்தின.

"பாத்தியா? இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றேன்.

காசிம் நான்கு அடி பின்னால் போய் நின்று பார்த்தான். "கொம்பு மொளச்ச எருமைக் கெடா மாதிரி இருக்கு" என்றான்.

"அது பலத்துக்கு."

"கீழ ரெண்டு துள சும்மா கெடக்கே."

"அது வேற மாடலுக்கு."

அந்த நாளில் என்னிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. போல்ட்டுகள் முழுதாக உள்ளே போகவில்லை. போகாததைச் சுத்தியலால் அடித்து அனுப்பினேன். இனி எந்தக் காலத்திலும் கழன்றுவிடக் கூடாது என்று, ஸ்பேனர் வழுக்கும் வரை இறுக்கி, வழுக்கிய பிறகும் இறுக்கினேன். போல்ட்டுத் தலைகளின் முனையெல்லாம் மழுங்கி உருண்டையாகிவிட்டன. பிறகு வண்டியை முற்றத்தில் முன்னால் இரண்டு தடவை, பின்னால் இரண்டு தடவை உருட்டிப் பார்த்துத் திருப்தியானேன். திருப்பிப் பார்க்கவில்லை. முற்றத்தில் அதற்கு இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து, வெள்ளைச் சட்டையும் பாலிஷ் போட்ட சப்பாத்துமாகத் தயாரானேன். பெண் வீட்டுக்கு வெறுங்கையாகப் போகக்கூடாது என்று ஒரு டப்பா நிறைய மக்ரூன் வாங்கி வைத்திருந்தேன். டப்பாவைப் பிடித்துக்கொள்ள காசிம் பின்னால் ஏறினான். மணி எட்டே முக்கால். மாமி வீட்டுக்கு ஐந்து நிமிஷம் போதும். வழியும் சுலபம். சந்திலிருந்து வெளியே வந்ததும் இடதுபக்கம் திரும்பினால் பெரிய தெரு. அது நேரே கடற்கரை ரோட்டில் போய் முட்டும். அங்கே மறுபடி இடதுபக்கம். கொஞ்ச தூரத்தில் வீடு. ஆக மொத்தம் இரண்டே இடது.

சந்து முனையில் முதல் இடதுக்கு ஹாண்டில்பாரைத் திருப்பினேன். ஒரு விரல்கடை திரும்பி, ணங் என்று நின்றுவிட்டது. மறுபடி திருப்பினேன். மறுபடி ணங். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் தண்டு போய் லெக்கார்டின் மேல் இடிக்கிறது. வலதுபக்கம் திருப்பிப் பார்த்தேன். தாராளமாகத் திரும்பியது. அடித்த அடியில் லெக்கார்டு கொஞ்சம் கோணலாகப் போயிருந்ததால், ஒரு பக்கம் மட்டும் வழி விட்டிருக்கிறது.

இறங்கி ஸ்பேனரைப் போட்டேன். உருண்டையாகிப்போன போல்ட்டுத் தலையில் அது பிடிக்கவே இல்லை.

"தள்ளிக்கிட்டுப் போயிருவோம் வே" என்றான் காசிம்.

"வண்டிய தள்ளிக்கிட்டு வாறவனுக்கா பொண்ணு குடுப்பாக? ஓட்டிக்கிட்டுதான் போவணும்."

"தூக்கித் திருப்பி வைப்போமா?"

தூக்கினோம். வண்டி எழவில்லை. என் முதுகில்தான் ஏதோ எழுந்தது.

"சரி, ஏறு. வலது பக்கமாவே போவோம். சுத்திக்கிட்டுப் போனா ஊரு ஒண்ணுதான" என்றேன்.

வலதுபக்கம் திரும்பினேன். கடலுக்கு நேர் எதிர்த்திசை. அப்புறம் இன்னொரு வலது. அதன் பிறகு இன்னொரு வலது. பெரிய தெருவுக்கு இணையான அடுத்த தெரு வந்தது. அந்தப் பக்கம் கடலுக்குப் போகும் கடைசித் தெரு அதுதான். அதில் கடலைப் பார்த்துப் போனோம். எனக்கே என் மூளையைப் பாராட்டத் தோன்றியது. ஆனால் கடற்கரை ரோட்டுக்கு வந்ததும் அங்கே இடதுபக்கம் திரும்பவேண்டும். முடியாது. வலது. மறுபடி பெரிய தெருவில் வலது. மறுபடி வலது, மறுபடி வலது. முனையில் இருந்த டீக்கடையை நாங்கள் இரண்டாம் முறையாகக் கடந்தபோது, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாசைக் கீழே இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, எதும் கீழ விழுந்துட்டா?"

இல்லை என்று தலையாட்டிக்கொண்டே போனேன். மூன்றாம் முறை வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

"நின்னு ஒரு டீயக் குடிச்சிட்டுப் போங்க. தல சுத்தப் போவுது" என்றார் டீக்கடைக்காரர். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது.

மணி ஒன்பதைத் தாண்டியாயிற்று. காசிம் என் முதுகில் விரலால் தெரு தெருவாகக் கோடு போட்டு ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காதுக்குள் சொன்னான்.

"சூசை, ஒரே ஒரு வழிதான் இருக்கு. வலது பக்கம் மட்டும் திரும்புற வண்டி உன் மாமியா வீட்டுக்குப் போவணும்னா, அது கடல்ல இருந்துதான் வரணும்."

யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கடற்கரை ரோட்டைக் குறுக்கே தாண்டி மணலில் இறங்க வேண்டும். மணலிலேயே வலது, இன்னொரு வலது. ரோட்டில் ஏறும்போது மூன்றாவது வலது. அதோடு வண்டி மாமி வீட்டைப் பார்த்து நிற்கும். புத்தியுள்ள எவனும் இந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, காசிமை அனுப்பி, செவ்வாய்க்கிழமைக்குத் தவணை கேட்டிருப்பான். நான் ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

ரோட்டைத் தாண்டி மணலில் இறங்கியதும் வண்டி பாம்பு போல நெளிய ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்தால் புதைந்துவிடும். அதனால் கூட்டினேன். முதல் வலது நன்றாகவே ஆயிற்று. அங்கே மீன்பிடி வள்ளங்களைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். வள்ளங்களுக்கு நடுவில் கம்பு நட்டு வலை காயப் போட்டிருந்தது. இரண்டாவது வலதை நான் வலைக்கு முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் எடுத்துவிட்டேன்.

லெக்கார்டின் இடது கொம்பு வலைக்குள் அழகாக நுழைந்தது. கம்பு ஒவ்வொன்றாக விழுந்தது. "யா அல்லா" என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு என் முதுகில் இருந்த கனம் குறைந்தது. காசிம் மணலில் குதித்துவிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். மூன்றாவது வலதை எடுத்து ரோட்டில் ஏறிவிட்டேன். ஒரு வாரமாக நினைத்திருந்த திசையில் வண்டி முதல் முறையாகப் போனது. பின்னால் நாற்பது முழ வலை தார் ரோட்டில் சரசரவென்று வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் ஒருவர் காலை இழுத்து இழுத்து வந்தார்.

சிசிலி மாமி வாசலில் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் உபதேசியார், நான் வரைந்து கொடுத்த படத்தைக் கையில் வைத்திருந்தார்.

வீடு ரோட்டின் இடதுபக்கம். கேட்டுக்குள் திரும்ப வழியில்லை என்பதால் ரோட்டிலேயே நிறுத்தினேன். நிறுத்தி, காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் வலை. கால் வழுக்கியது. வண்டி வழக்கம்போல மெதுவாக, ரொம்ப மெதுவாக, என் மேல் சாய்ந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். ணங் என்று இரும்பு தரையில் மோதும் சத்தம் கேட்டது. வலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தால் வண்டி ஒரு சாய்வில் அந்தரத்தில் நிற்கிறது. லெக்கார்டு தரையில் ஊன்றி அதைத் தாங்கி நிற்கிறது. அதற்கு உள்ளே, ஒரு பூனை படுக்கிற அளவு இடத்தில், என் கால் சௌக்கியமாக இருக்கிறது.

அதற்குள் பின்னால் ஓடிவந்தவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதில் எதுவும் எழுதத் தக்கதல்ல. பிறகு அவர்களை விலக்கிக்கொண்டு, காலை இழுத்து நடந்தவர் வந்தார். வலையைச் சரிசெய்து காயப் போட்டிருந்தவர் அவர்தான். வேலை முடித்து மறுநாள் கொடுக்கவேண்டிய வலை. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தேன். அவர் சிரமப்பட்டுக் குனிந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கால அசையும் பாப்போம். வெரல அசையும். வலிக்கா?"

"இல்ல."

"எங்கயும் வலி இல்லியே? நல்லாப் பாத்துச் சொல்லும்."

"இல்ல அண்ணாச்சி."

அவர் என் முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். அப்புறம் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். தரையில் அது கீறியிருந்த கோட்டையும் பார்த்தார். தலையை நிமிர்த்தி, வாசலில் நின்ற மாமியிடம் சொன்னார்.

"அக்கா, அன்னைக்கி அந்த வண்டியில இப்படி ஒண்ணு இருந்திருந்தா..."

 வலைக்காகச் சத்தம் போட்டவர்கள் வலையைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். சிசிலி மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனார். அந்த நொடியில், ஆறு நாளாக என் வண்டியைக் காப்பாற்றுவது பற்றி மட்டுமே நான் யோசித்து வந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் இந்தப் பேச்சு வேறு ஒரு காலைப் பற்றியது.

ரொசாரி மாமா கையைக் கொடுத்து என்னை எழுப்பினார். சட்டையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். கதவோரத்தில் பிலோமினா நின்றிருந்தாள். முதல் முறையாகப் பக்கத்தில் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கமாக முழுதாகச் சாய்த்து, கீழே கிடந்த வண்டியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் பேசினாள். என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அது தலைகீழா மாட்டிருக்கு."

கூட்டம் வண்டியைப் பார்த்தது. நானும் பார்த்தேன். இத்தனை பேருக்கு முன்னால் ஒப்புக்கொள்ள முடியுமா.

"இல்ல, அது புது மாடல். அப்படித்தான் வரும்" என்றேன்.

"எழுத்துமா புது மாடலு?"

அப்போதுதான் தெரிந்தது. லெக்கார்டின் குறுக்குக் குழாயில் கம்பெனிப் பெயர் இங்கிலீஷில் பெரிய எழுத்தில் பொறித்திருந்தது. எல்லா எழுத்தும் காலை மேலே தூக்கிக்கொண்டு நின்றன. கூட்டத்தின் பின்னாலிருந்து, மேலெல்லாம் மணலோடு, மக்ரூன் டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி காசிம் வந்து சேர்ந்தான். ஒரு எழுத்துப் பிழையை விடாதவன். எழுத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நேத்து வெளிச்சம் போதல" என்று மெதுவாகச் சொன்னான். அன்று அந்த வீட்டுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது அந்த டப்பா மட்டும்தான். மாமி முதல் காப்பியை அவனுக்குத்தான் கொடுத்தார்.

காப்பி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து மாமி தீர்ப்புச் சொன்னார்.

"வண்டி இருக்கட்டும். பொண்ணும் தாரோம். ஆனா தம்பி, இனிமே அந்த வண்டியில ஒரு திருகாணியக்கூட நீரு தொடக் கூடாது."

சரி என்றேன். இன்றுவரை தொட்டதில்லை. போல்ட்டுகளை ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை சுடலைமுத்து அண்ணாச்சி புதிதாகத் துளை போட்டு, நேராக மாட்டிக் கொடுத்தார். எந்த நாலு போல்ட்டு என்பதையும் காட்டினார். வலை விஷயத்தில் ரொசாரி மாமா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆபீஸ் விட்டதும் தினமும் வந்து வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார் என்று மட்டும் சொன்னார். பத்து நாள் உட்கார்ந்தேன். அவர் கிழிசலைப் பின்னுவார். நான் பிடித்துக்கொண்டிருப்பேன். அந்த வீட்டில் எனக்கு முதலில் கிடைத்த சிநேகிதர் அவர்தான். பதினோராம் நாள் என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து, புதுத் துறைமுகம் வரைக்கும் போய்வரலாம் என்றார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர் மோட்டார் சைக்கிளில் ஏறியது அன்றுதான். போகும்போது பேசவில்லை. வரும்போது, கொஞ்சம் வேகமாகப் போ என்றார்.

தண்டல் கொழும்பிலிருந்து வந்ததும் கல்யாணம் நடந்தது. பூசை முடிந்து, சாமியார் மேசை மேல் பெரிய பதிவேட்டைத் திறந்து, கையெழுத்துப் போடச் சொல்லி என் பக்கம் தள்ளினார். பேனாவை எடுத்தேன். பக்கத்தில் பட்டுச்சேலையில் நின்ற பிலோமினா, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நேரா இருக்கான்னு பாத்துக்கிடுங்க."

அந்தப் பதற்றத்தில் எழுத்து எதுவும் கண்ணில் பதியவில்லை. தலைகீழாகத்தான் இருக்கவேண்டும் என்று தீர்மானித்து, பதிவேட்டை ஒரே வீச்சில் திருப்பி, இந்த முறை தவறு நேரக்கூடாது என்ற உறுதியோடு, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டேன். சாமியார் என் கையைப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. புத்தகத்தை எனக்கு வாகாக அவர் முன்பே திருப்பி வைத்திருந்திருக்கிறார்.

போன வருஷம், மஸ்கட்டில் இருக்கும் மகள் எங்களை அங்கே அழைத்துப்போக, கல்யாணச் சான்றிதழ் வேண்டும் என்று கோயில் ஆபீசுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே போன் செய்தாள்.

"அப்பா, இங்கன சாமி கேக்காரு. பொண்ணு கையெழுத்துப் போடுற எடத்துல என்னமோ எழுதிருக்காம். என்ன பாஷைன்னே தெரியலயாம். என்ன சொல்லட்டும்?"

நான் பதில் யோசிப்பதற்குள் பிலோமினா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"புஸ்தகத்தத் திருப்பிப் பாக்கச் சொல்லு" என்றாள்.